தண்டு வலித்த கைகள்



ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அன்று மாலை இயேசு தம் சீடர்களைப் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார். அவர் மலைமேல் தனித்திருந்தார். படகு நடுக்கடலில் இருந்தது. காற்று எதிராக வீசியது. சீடர்கள் தண்டு வலிக்க முடியாமல் வருந்துவதை அவர் கண்டார் என்று மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அதே நிகழ்ச்சியை மத்தேயுவும் யோவானும் சொல்கிறார்கள். ஆனால் இயேசு கரையிலிருந்தே கண்டார் என்ற இந்தச் சிறு செய்தியை மாற்கு மட்டுமே தருகிறார். அவர் கடல்மேல் நடந்து வந்ததை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். வருவதற்கு முன், அந்தக் கைகள் படும் பாட்டை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை வேகமாகப் படித்துத் தாண்டிவிடுகிறோம்.

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிர்க்காற்றில் தண்டு வலித்தவர் கை எப்படி இருக்கும் என்று நம் தாத்தாக்களின் கையைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளங்கை முழுவதும் காய்த்திருக்கும். முழுதாக மடக்கிப் பிடிக்கவும் வராது. இன்று அப்படிப்பட்ட கைகள் குறைந்துவிட்டன. காரணம், வள்ளத்தின் பின்பக்கம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டார். இன்று அந்த மோட்டாரைப் பற்றித்தான் பேசப் போகிறோம். குறிப்பாக, அதை உலகெங்கும் பரப்பிய ஒரு பெயரைப் பற்றியும், அந்தப் பெயர் 2020-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டபோது நடந்ததைப் பற்றியும்.

அந்தப் பெயர் எவின்ரூட். நம் கரைகளில் யமஹா, சுசுகி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் மூன்று தலைமுறைகளுக்கு மேலாக, ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் வாயில் எவின்ரூட் என்பது ஒரு பொருளின் பெயர் போலவே ஆகிவிட்டது. 1977-இல் வெளிவந்த வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'தி ரெஸ்க்யூவர்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தில் ஒரு தும்பி வரும். இரண்டு எலிகள் ஏறிய இலைப் படகைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. அந்தத் தும்பிக்கு எவின்ரூட் என்றே பெயர் வைத்தார்கள். அங்குள்ள குழந்தைகளுக்குக்கூட விளக்கம் சொல்லத் தேவையில்லாத பெயர் அது.

ஓலே எவின்ரூட் 1877-இல் நார்வே நாட்டில் பிறந்தவர். ஐந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பதினாறு வயதில் வேலை தேடி நகரத்துக்குப் போய், பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி எந்திரத் தொழிலைக் கற்றுக்கொண்டார். படிப்பு குறைவு என்று பிள்ளைகளை மட்டம் தட்டும் பெற்றோர் இங்கே சற்று நின்று கேட்கலாம்.

1906-ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள், மில்வாக்கி நகரத்துக்கு அருகிலுள்ள ஓக்காச்சி ஏரியில், பெஸ் என்ற பெண்ணோடும் நண்பர்களோடும் உல்லாசமாகப் பொழுது போக்கப் போயிருந்தாராம். ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும் என்று பெஸ் ஆசைப்பட்டார். ஓலே படகெடுத்து அக்கரைவரை தண்டு வலித்துப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினார். வந்து சேர்வதற்குள் எல்லாம் உருகிவிட்டது. படகுக்கு ஒரு மோட்டார் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்று சொல்வார்கள். இப்படிப்பட்ட கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அவருக்கு முன்பே கேமரன் வாட்டர்மேன் என்ற இன்னொரு அமெரிக்கர் இதுபோன்ற மோட்டார் செய்து விற்றதும் உண்மை. ஆனால் நம்பி வாங்கக்கூடிய, பழுதில்லாமல் ஓடக்கூடிய மோட்டாரைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஓலே. ஒரே சிலிண்டர், ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. முதல் மாதிரியைப் பார்த்த பெஸ், இது காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கிறதே என்றாராம்.

ஆனால் அந்தக் காப்பி மெஷினை உலகம் முழுவதும் கொண்டுசென்றவரும் அதே பெஸ்தான். ஓலேவின் மனைவியான பிறகு கணக்கு, கடிதப் போக்குவரத்து, விளம்பரம் எல்லாவற்றையும் அவரே பார்த்தார். துடுப்புகளைத் தூக்கி எறியுங்கள் என்ற பொருளில் வந்த அந்த நாளைய விளம்பரம் அவர் எழுதியதே. 1909-இல் மில்வாக்கியில் கம்பெனி தொடங்கியது. தொடக்க காலத்தில் பெரிய அளவில் வாங்கியவர்களில் ஸ்காண்டிநேவிய நாட்டு மீனவர்களும் இருந்தார்கள். ஏரியில் பொழுது போக்குகிறவர்களுக்காகப் பிறந்த மோட்டார், சீக்கிரமே பிழைப்புக்காகக் கடலில் இறங்குகிறவர்களின் கைக்கு வந்துவிட்டது.

பெஸ்ஸின் உடல்நலம் கெட்டது. 1914 வாக்கில் ஓலே தம் பங்கைக் கூட்டாளிக்கு விற்றுவிட்டு மனைவியைக் கவனிக்கப் போனார். ஐந்து ஆண்டுகளுக்கு இதே தொழிலில் இறங்குவதில்லை என்று கையெழுத்தும் போட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை மனைவிக்காக விட்டார் என்பதை இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். நமக்கு அது பெரிய செய்தி. ஐந்து ஆண்டுகள் கழிந்ததும் அலுமினியத்தில் இன்னும் இலேசான மோட்டார் ஒன்றைச் செய்தார். எடை 48 பவுண்டு, திறன் இரு மடங்கு, 3 குதிரைத்திறன். பழைய கூட்டாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் 'எல்ட்டோ' என்ற பெயரில் தாமே தயாரித்தார். 1929-இல் பழைய கம்பெனியும் புதிய கம்பெனியும் ஒன்றாயின. பெஸ் 1933-இலும் ஓலே 1934-இலும் இறந்தார்கள். மகன் ரால்ஃப் தொழிலை எடுத்து நடத்தினார். 1936-இல் ஜான்சன் என்ற போட்டி மோட்டாரும் அவர்களோடு சேர்ந்தது. பிற்காலத்தில் அவுட்போர்டு மரீன் கார்ப்பரேஷன் என்று பெயர் பெற்ற பெரிய நிறுவனம் இதுதான்.

அன்பார்ந்தவர்களே, ஒரு நிறுவனத்தின் புகழை மட்டும் பாடுவது நம் வேலையல்ல. மிச்சிகன் ஏரிக்கரையில் வாகீகன் என்ற ஊரில் இந்த நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை இருந்தது. அங்கே எந்திரங்களில் பயன்படுத்திய எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது. அது ஆண்டுக்கணக்கில் கழிவுநீரோடு துறைமுகத்தில் கலந்து அடிச்சேற்றில் படிந்தது. மீனில் ஏறியது. அந்தத் துறைமுகத்தைச் சுத்தப்படுத்த அமெரிக்க அரசு பல ஆண்டுகள் பாடுபட்டது. மீன் பிடிக்கப் போகிறவனுக்கு மோட்டார் செய்து கொடுத்த கையே மீன் வாழும் தண்ணீரையும் கெடுத்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தையும், ஊர்க் கழிவெல்லாம் வந்து விழும் நம் கழிமுகங்களையும் பார்த்தவர்களுக்கு இது அந்நியச் செய்தியாகத் தோன்றாது.

மோட்டாரிலும் ஒரு குறை இருந்தது. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று நம் மெக்கானிக்குகளுக்குத் தெரியும். எண்ணெயும் எரிபொருளும் கலந்து உள்ளே போகும். எரிந்த புகை வெளியேறும் அதே நொடியில், எரியாத எரிபொருளிலும் கொஞ்சம் அதோடு ஓடிவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டார்களில் கால் பங்கு வரை இப்படி வீணாகித் தண்ணீரில் கலந்தது. எஞ்சின் பின்னால் வானவில் நிறத்தில் மிதக்குமே, அதுதான். 1990-களில் அமெரிக்க அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 1999-இல் டாஹோ ஏரியில் பழைய வகை மோட்டார்களுக்குத் தடையே வந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் போயின. எவின்ரூட் டூ ஸ்ட்ரோக்கையே திருத்தப் பார்த்தது. எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஒரு முறையை அவசரமாகச் சந்தைக்கு விட்டார்கள். அது நிறையப் பழுதாகிப் பெயரைக் கெடுத்தது. கடனும் ஏறியது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு, நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வீட்டில் குடில் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களுக்கு அந்தச் செய்தி வந்தது.

மறு ஆண்டு கனடாவின் பாம்பார்டியர் நிறுவனம் மோட்டார் தொழிலை வாங்கியது. அதன் பொழுதுபோக்கு வாகனப் பிரிவு 2003-இல் பி.ஆர்.பி. என்று தனி நிறுவனமானது. விஸ்கான்சினில் ஸ்டர்டெவன்ட் என்ற ஊரில் தொழிற்சாலையை அமைத்து, அதே ஆண்டில் ஈ-டெக் என்ற புதிய எஞ்சினை வெளியிட்டார்கள். டூ ஸ்ட்ரோக்தான். ஆனால் புகை குறைவு, எரிபொருள் வீணாவது குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் விருதுகூடக் கிடைத்தது. ஜான்சன் என்ற பெயரை 2007-இல் நிறுத்தினார்கள். எவின்ரூட் ஓடியது. ஆனால் உலகம் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் போய்விட்டது. ஒரு பொருள் நன்றாக இருந்தும் வாங்க ஆள் குறைவது நாம் சந்தையில் பார்க்காததா?

2020-ஆம் ஆண்டு மே 27 அன்று பி.ஆர்.பி. அறிவித்தது: எவின்ரூட் மோட்டார் இனி உற்பத்தி ஆகாது. கொரோனா கொள்ளைநோயின் பாதிப்பைக் காரணமாகச் சொன்னார்கள். ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த வணிகம், கொள்ளைநோய் கடைசியாகத் தள்ளிவிட்டது என்பதே பொருள். உலக அளவில் 650 பேரின் வேலை பாதிக்கப்பட்டது. விற்ற மோட்டார்களுக்கு உத்தரவாதம் தொடரும், உதிரிபாகமும் கிடைக்கும் என்று உறுதி சொன்னார்கள். தங்கள் படகுகளுக்கு, நெடுநாள் போட்டியாளரான மெர்குரி நிறுவனத்திடமே மோட்டார் வாங்க ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, வேதனையான வேடிக்கை. அந்த ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில் படகு விற்பனை பல ஆண்டுகளில் காணாத அளவுக்கு உயர்ந்தது. ஊரடங்கில் அடைபட்டிருந்த மக்கள், கூட்டத்தை விட்டு விலகியிருக்க ஏரிக்குப் போனார்கள். கடைகளில் மோட்டார் இல்லை என்று கைவிரித்தார்கள். அதே நேரத்தில் மோட்டார் செய்யத் தெரிந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் மாலை ஐந்து மணிக்கும் சந்தை வெளியில் நின்றுகொண்டிருந்த ஆட்களை நாம் அறிவோம். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்டபோது, எங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன பதில். இந்த உவமையில் கூலியைப் பற்றியே நாம் வழக்கமாகப் பேசுகிறோம். அந்தப் பதிலில் உள்ள அவமானத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வேலை போனவர்களை நேரில் பார்த்த பங்குத்தந்தையர் எல்லாருக்கும் ஒன்று தெரியும். பணம் போனது பாதித் துன்பம். காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல், பிள்ளைகள் எதிரில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி எங்காவது சுற்றிவிட்டு வருவது மீதித் துன்பம். இருபது ஆண்டு ஒரே எஞ்சினைப் பூட்டிய கை அந்த எஞ்சினின் ஒவ்வொரு போல்டையும் இருட்டில் தடவிச் சொல்லும். அந்த அறிவை வேறெங்கே கொண்டுபோய் வைப்பது?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி 1981-இல் ஒரு சுற்றுமடல் எழுதினார். அந்த ஆண்டு மே மாதத்தில் வெளிவர வேண்டியது. அவர் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்ததால் செப்டம்பரில்தான் வந்தது. அதில் மறைமுக முதலாளி என்ற ஒரு கருத்தைச் சொல்கிறார். நேரடியாகக் கூலி கொடுப்பவர் ஒருவர். அவரைச் சுற்றி, அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைத் தீர்மானிக்கிற அரசுகள், சட்டங்கள், வங்கிகள், உலக வணிக ஏற்பாடுகள் எல்லாம் உண்டு. அவை மறைமுக முதலாளி. அவற்றுக்கும் பொறுப்பு உண்டு என்கிறார். எங்கள் குருமட நாள்களில் இதைத் தேர்வுக்காகப் படித்தோம். எவின்ரூட் கதையில் அது உடலும் முகமும் பெறுகிறது. ஸ்டர்டெவன்ட் ஊரின் தொழிலாளிக்குக் கூலி கொடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள். முடிவெடுத்தவர்கள் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இருந்தார்கள். பங்கு வாங்கியவர்கள் எங்கெங்கோ. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அந்தத் தொழிற்சாலையில் பிறகு வேறு வகை மோட்டார் ஒன்றைச் செய்து 2022-இல் வெளியிட்டார்கள். 2024 அக்டோபரில் படகு வணிகத்தையே விற்கப் போவதாக அதே நிறுவனம் அறிவித்தது. ஒரு முறை கதவு மூடியதைப் பார்த்த ஊர், அடுத்த முறை கதவு திறக்கும்போது முழு மனதோடு உள்ளே போகாது.

இனி, வாங்கியவர்களின் பக்கம். ஒரு மோட்டார் நிறுத்தப்பட்டால் அது மறுநாளே ஓடாமல் போய்விடாது. நல்ல மோட்டார் இருபது ஆண்டு ஓடும். ஆனால் அதன் விலை அன்றே இறங்கும். விற்கப் போனால் வாங்குபவர் முகம் சுளிப்பார். அந்த எஞ்சினின் கணினியைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போவார். இன்று கிடைக்கும் உதிரிபாகம் பத்து ஆண்டு கழித்துக் கிடைக்குமா என்ற கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். விடுமுறைக்கு ஏரியில் ஓட்டுகிறவருக்கு இது எரிச்சல். பிழைப்புக்கு ஓட்டுகிறவருக்கு இது வயிற்றுப்பாடு.

நம் கரைக்கு வருவோம். 1980-களில் நம் கடற்கரைகளில் ஒட்டுப்பலகை வள்ளங்களும் அவுட்போர்டு மோட்டாரும் பரவியபோது கட்டுமரக்காரரின் வாழ்க்கையே மாறியது. காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தூரம் போகலாம். பிடித்த மீனை ஏலத்துக்கு நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கலாம். அதோடு வேறொன்றும் வந்தது. பிடிபட்டதைப் பிரிக்கும்போது எஞ்சினுக்கென்று ஒரு பங்கு எடுத்துவைக்கும் வழக்கம் வந்தது. கடலுக்குப் போகாத, களைத்துப்போகாத, பிள்ளைகுட்டி இல்லாத ஒரு பங்காளி! எரிபொருள் செலவு வந்தது. எஞ்சின் வாங்க வியாபாரியிடம் முன்பணம் வந்தது. முன்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்வதே விலை. கடன் முடிவதற்குள் எஞ்சின் முடிந்துவிடுகிறது; அடுத்த எஞ்சினுக்கு அடுத்த கடன். துடுப்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை. துடுப்பு உடைந்தால் ஊரிலேயே ஆசாரி செதுக்கித் தருவார். அதற்காகத் துடுப்புக்குத் திரும்புங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எளிது. எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் வலித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

அதனால் சில காரியங்களை நேராகவே சொல்கிறோம். மோட்டார் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். இந்த மாடல் எத்தனை ஆண்டாக வருகிறது, உதிரிபாகம் எந்த ஊரில் இருப்பு இருக்கிறது, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒரே ஊரில் பத்துப் பேர் பத்து வகை எஞ்சின் வைத்திருப்பதைவிட, சங்கமாகப் பேசி ஒரே வகை வாங்கினால், ஒருவருடைய பழைய எஞ்சின் இன்னொருவருக்கு உதிரிபாகமாகும். கடன் பத்திரத்தில் மீனை யாருக்கு விற்க வேண்டும் என்று எழுதியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். பங்கு அலுவலகத்துக்கு வந்தாலும் வாசித்துச் சொல்வார்கள். பட்டறையில் எடுபிடியாக நிற்கும் பையன்களை எண்ணெய்ச் சட்டைக்காரன் என்று ஒதுக்காதீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற ஓலேவும் அப்படி ஒரு சட்டைதான் போட்டிருந்தார்.

இந்த ஞாயிறு திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொழிற்சாலை மூடி வேலை இழந்தவர்களுக்காக ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக வேலையில்லாதவர்கள் என்று சொல்லிவிடாமல், உங்கள் பங்கில் இந்த ஆண்டு எந்த ஆலை, எந்த ஐஸ் பிளான்ட், எந்தப் பட்டறை மூடியதோ அதைச் சொல்லி மன்றாடுங்கள். அங்கே வேலை பார்த்தவர் கோவிலின் பின்வரிசையில் நிற்பார். தம்மை ஒருவர் கண்டார் என்று அவருக்குத் தெரியட்டும்.